218ஆம் வரி

ஜாலான் புசார் அலுவலகத்தில் ஏ.சி. ஓடியும் சுரேந்தருக்கு வியர்த்துக் கொட்டியது. அவன் குழு எழுதிய மென்பொருள் முந்தின நாள் திடீரென்று நின்றதில், புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு லிஃப்ட் இரண்டு மணி நேரம் நடுவில் தொங்கியிருந்தது.

“நிரல்ல எந்த வரியில நின்னுச்சுன்னு பிழை தேடுற டீபக்கர் காட்டிடும். எழுதினவன் இன்னிக்கே மூட்டை கட்டலாம்” என்றார் மேலாளர் சிதம்பரம்.

வேலை போனால் இந்த நாட்டில் தங்க அனுமதிக்கும் வொர்க் பாஸும் போய்விடும்.

மென்பொருள் நின்ற இடத்தைக் குறிக்கும் முகவரி எண்ணை, அதே குழுவில் இருந்த மோகனப்பிரியா டீபக்கரில் கொடுத்தாள். 218ஆம் வரி திரையில் வந்தது. பக்கத்தில் எழுதியவர் பெயர்: சுரேந்தர்.

“கிளம்பு லா!”

“இருங்க சார்” என்றாள் மோகனப்பிரியா. “லிஃப்ட்ல ஓடுறது போன மாச ஃபைல்ல செஞ்சது. வரி நம்பரும் அந்தக் கணக்குதான். ஆனா திரையில தெரியுறது இன்னிக்குக் காலைல யாரோ திருத்தின ஃபைல்னு எச்சரிக்கை வருது.”

சுரேந்தர் எழுந்து நின்றான்.

“நான்தான் சார். ‘என் பகுதியை இன்னும் சோதிக்கல’ன்னு போன மாசமே ஃபைலோட தொடக்கத்துல மூணு வரி குறிப்பு எழுதி வச்சிருந்தேன். பயத்துல அழிச்சுட்டேன்.”

“திருட்டுத்தனம் வேறயா? அதைத் திரும்பப் போடும்மா. இவன் லட்சணத்தை எல்லாரும் பார்க்கட்டும்!”

மோகனப்பிரியா போட்டாள்; ஃபைல் போன மாதம் இருந்தபடியே ஆனது. சுரேந்தரின் வரி 221க்கு இறங்கியது. 218இல் வேறொரு வரி வந்து நின்றது. பக்கத்தில் எழுதியவர் பெயர்: சிதம்பரம்.

“ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டி வை லா” என்றார் மேலாளர், கைக்குட்டையைத் தேடியபடி.