தண்ணி படக்கூடாது

டோல்கேட்டில் நடந்த கல்யாணத்திலிருந்து திரும்பி வீட்டுக்குள் நுழைந்ததுமே, வரதன் தன் மனைவி அம்முவின் கழுத்திலிருந்த ஆரத்தைப் பதமாகக் கழற்றினான்.

“வேர்வையே ஆவாது அம்மு. தண்ணியும் படக்கூடாது” என்று பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்தான்.

கூடவே வந்த பக்கத்து வீட்டு ஷாலு வாயைப் பிளந்தாள். “எங்க வூட்லயும் ஒண்ணு கீதே, குடிச்ச டம்ளரக்கூட கழுவாது. நீ குடுத்து வெச்சவ அம்மு!”

வரதனுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கம் என்று சொல்லிக் கல்யாண நாளுக்கு அவன் போட்டுவிட்ட கவரிங், ஒரு வருஷமாகியும் கறுக்காமல் என்னமாய் மின்னுகிறது!

ஷாலு போனதும், சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மு காலை நீட்டினாள்.

“அப்டியே இந்தக் கொலுசையும் தொடச்சுடு மாமா. இதுவாச்சும் அசல் வெள்ளி.”