வல்லை வெளியில் துணை

கிறிஸ்தவர்களின் பழைய வேதக்கோயில்களைச் சைக்கிளில் அவசரமில்லாமல் ஆறுதலாகச் சுற்றிக் கும்பிட்டுவந்த சூசைப்பிள்ளைக்கு, பருத்தித்துறைக் கோயிலுக்குப் போகும் வழியில், வல்லை வெளியிலேயே பொழுதுபட்டுவிட்டது. வீடு வாசல் இல்லாத அந்த வெளியில் கள்ளரும் பேய்களும் உலாவுவதாகக் கேள்வி. நல்லகாலம், முன்னே ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். துணை கிடைத்ததென்று எட்டி மிதித்தான்.

அவர் திரும்பிப் பார்த்தார். உடனே தலைதெறிக்க ஓட்டத் தொடங்கினார்.

என் முதுகுக்குப் பின்னால் எதைக் கண்டுவிட்டார்? கள்ளரோ பேயோ என்று நினைத்தான் சூசைப்பிள்ளை. திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல், அவனும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்தான்.

பாலத்தடியில் அவர் சைக்கிளோடு விழுந்தார்.

"என்னண்ணை பின்னாலை வருது?" என்று மூச்சிரைக்கக் கேட்டான் சூசைப்பிள்ளை.

அவர் கைகூப்பினார். "நீதானே தம்பி என்னைத் துரத்திக் கலைச்சுக்கொண்டு வந்தனீ? சைக்கிளை எடு. என்னை விட்டிடு."

பருத்தித்துறைவரை இருவரும் அக்கம்பக்கமாகவே போனார்கள். ஒருவரும் மற்றவரைப் பின்னால் வர விடவில்லை.