சொல்லக் கூடாத பேர்

"வெட்கமா இல்லையா உனக்கு? செத்தவன் பேரை இப்படிக் கூவறே!"

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று லெஸ்டர் கத்தினார். ஊராட்சித் தலைவர். செத்துப்போன பாட்டுக்காரப் பையனுக்குச் சித்தப்பா.

கடையின் பின்படியில், போனும் கையுமாக உட்கார்ந்திருந்த கெய்லீன் நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் பாலைவனத்துப் பழங்குடி ஊருக்கு இருப்பது ஒரே கடை. அதை நடத்துகிற வெள்ளைக்காரி அவள்.

"பாட்டுதானே லெஸ்டர் அண்ணே. அவன் பாட்டைக் கேட்கலாம்னு போன குளிர்காலத்துலயே பெரியவங்க சம்மதம் கொடுத்துட்டீங்களே?"

"பாட்டுக்குக் கொடுத்தோம். பேருக்குக் கொடுக்கலை. பொத்தானை அமுக்கிப் போட வேண்டியதுதானே?"

"போன்ல இது மலிவான பாட்டுச் சந்தா அண்ணே. அமுக்கினா ஒண்ணும் நடக்காது. வாயால கேட்டாத்தான் பாடும்."

"பாட்டுப் பேரை மட்டும் கேளேன்."

"கேட்டுப் பார்த்தாச்சு. அதே பேர்ல எவனோ அமெரிக்காக்காரன் வந்து பாடறான்."

"அப்ப நல்ல சந்தாவா வாங்கித் தொலை! முட்டைக்கோசைத் தங்கம் விலைக்கு விக்கிறியே, அந்தக் காசெல்லாம் எங்கே போகுது?"

கெய்லீன் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

எங்கள் ஊரில் ஒருத்தர் இறந்துபோனால் அவர் பேரையும் கொஞ்ச காலம் புதைத்துவிடுவோம். அதனால் அந்தப் பையன் பேரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. அதே பேர் வைத்திருந்த மெக்கானிக்கை இப்போது 'பேரில்லாதவனே' என்று கூப்பிட்டால்தான் திரும்புகிறான். பெண்டாட்டி கூப்பிட்டால் அதற்கும் திரும்புவதில்லை.

சிக்னலும் அந்தப் பின்படியைத் தாண்டி வராது. ஒருதரம் மெக்கானிக் ஒட்டகத்தின் மேல் ஏறி நின்று போன் பேசினான். பாதிப் பேச்சுக்கு மேல் ஒட்டகம்தான் பதில் சொன்னது. என் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் படிக்கு நேர் எதிரே, வேலிக்கு இந்தப் பக்கம், டாஃப்னியின் வீடு. அந்தப் பையனைப் பெற்றவள். மகன் வாழ்ந்த வீட்டில் இனி இருக்கக் கூடாது என்று, எங்கள் வழக்கப்படி இங்கே மாறி வந்தவள்.

சாயங்காலம் கடை சாத்தியதும் கெய்லீன் படியில் உட்கார்ந்து பேரைச் சொல்வாள். கிடார் கேட்கும். அப்புறம் அவன் குரல். டாஃப்னி நெருப்பில் கங்காரு வாலைப் போட்டுவிட்டு, முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொள்வாள்.

"பெத்தவ பொறுக்க முடியாம முதுகைக் காட்டறா. அதைப் பார்த்தாவது நிறுத்தறாளா பாரு," என்றாள் லெஸ்டரின் மனைவி யூனிஸ். "இவளையும் நம்மள்ல ஒருத்தின்னு நெனைச்சோமே, நம்ம புத்தியைச் சொல்லணும்."

டாஃப்னிக்குத் தங்கை என்று கெய்லீனுக்கு நாங்கள் முறை கொடுத்து வைத்திருந்தோம். அதனால்தான் யாருக்கும் மனசு ஆறவில்லை.

சிறுநீரகச் சிகிச்சைக்கு டாஃப்னியை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன வாரத்தில், பள்ளிக்கூட நிழலில் கூட்டம் போட்டார்கள்.

"இனிமே அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. எப்பவும் போல இருந்துக்கோ," என்றார் லெஸ்டர்.

கெய்லீன் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அப்படி வாக்குக் கொடுக்க முடியாது அண்ணே."

"ஏன் முடியாது?"

"அதையும் சொல்ல முடியாது."

"திமிரைப் பார்த்தீங்களா!" என்றாள் யூனிஸ்.

எங்கள் மண்ணில் வெளியாள் தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். அவள் சீட்டு அன்றைக்கே ரத்தாயிற்று.

"டாஃப்னி அக்கா வர்ற வரைக்குமாவது இருக்கேனே. சொல்லிட்டுப் போயிடறேன்."

"அவளை இன்னொரு தடவை அழ வைக்கவா? ஒண்ணும் வேணாம். கிளம்பு."

கிளம்பிவிட்டாள். அவள் வண்டி கிளப்பிய புழுதி, டாஃப்னி திரும்பி வரும்வரை கீழே இறங்கவில்லை. நம்பாவிட்டால் போங்கள்.

டாஃப்னி மினிபஸ்ஸை விட்டு இறங்கினாள். வீட்டுக்குப் போகாமல், கையால் வேலியைத் தடவிக்கொண்டே நேராகக் கடையின் பின்படிக்கு வந்தாள். கதவில் பூட்டு.

"அவளை அனுப்பியாச்சு அண்ணி," என்றார் லெஸ்டர், யூனிஸோடு பின்னாலேயே வந்து. "இனிமே அந்தப் பேரை யாரும் உங்க காதுல போட மாட்டாங்க. நிம்மதியா இருங்க."

டாஃப்னி மெல்லப் படியில் உட்கார்ந்தாள். பையைத் துழாவி ஒரு போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

லெஸ்டர் குனிந்து பார்த்தார்.

"இது... கெய்லீன் போன் ஆச்சே?"

"என்னோடது தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அவகிட்டேருந்து வாங்கிட்டுப் போனேன். எனக்குக் கண்ணு மங்கிப்போச்சுன்னு என் மகன் இந்தச் சந்தாவைப் போட்டுக் கொடுத்தான். 'நீ எதையும் பார்க்க வேணாம்மா. என் பேரை மட்டும் சொல்லு, நான் வந்து பாடறேன்'னு சொன்னான்."

யூனிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாஃப்னி போனைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பெத்தவ வாயால அந்தப் பேர் வரலாமா? 'என் மகன் பாட்டைப் போடு'ன்னு கெஞ்சிப் பார்த்தேன், அதுக்குப் புரியலை. அதான் மாவு வாங்கற சாக்குல போய், தங்கச்சி கையில போனைக் கொடுத்து, எனக்காக நீ சொல்லுடின்னேன். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கினேன்... இனிமே என் பிள்ளையை யாரு தம்பி கூப்பிடுவா?"