பொதுமக்கள் சம்மதம்

கைபேசியில் வரும் எழுத்தை எந்தெந்த மொழிகளில் குரலாக வாசித்துக் காட்ட வேண்டும் என்ற விதியை முடிவுசெய்யும் கூட்டம் அது. பொதுமக்களும் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். கண் தெரியாத கணவருக்காகக் கம்பளையிலிருந்து பேராதனைக்கு வந்திருந்தாள் கைரியா டீச்சர்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. எல்லாம் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ச் சனம். தமிழுக்காக இத்தனை பேர் வந்திருக்கிறார்களே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

தலைவர் ஆங்கிலத்திலேயே பேசினார். தமிழ்க் குரலை இப்போதைக்கு விட்டுவிடலாம், சம்மதிப்பவர்கள் கை உயர்த்துங்கள் என்று சொல்லித் தன் கையைத் தூக்கினார்.

மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன.

கைரியா பதறிப்போய்ப் பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்து இறக்கினாள். "என்ன செய்றீங்க? தமிழ் வேணாமெண்டு சொல்றாங்க."

"அப்படியா சொன்னாரு? எங்களுக்கு இங்கிலீசு தெரியாதுங்களே."

"பிறகு ஏன் கையத் தூக்கினீங்க?"

"அவரு தூக்கினா நாங்களும் தூக்கணும்னு பஸ்ல ஏத்தும்போதே சொல்லிட்டாங்க. அதுக்குத்தானே சோத்துப் பார்சல் குடுத்தாங்க."

மேடையில் தலைவர் பொதுமக்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். கைரியாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பெண் அவள் முதுகை இதமாகத் தடவிவிட்டாள்.

"பஸ்ல வந்தது உங்களுக்கும் ஒத்துக்கல போல."