சுணை உண்டென்றால் இரண்டு

“தலையில கட்டியிருக்கற துண்டை எடுங்கோ.”

பேச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் ராமசேஷன் இப்படி ஒரு பேச்சுப் பேசினதே இல்லை.

“என்ன சாமி சொல்லுதிய?”

“துண்டை எடுத்துட்டு, இப்படி வெளிச்சத்துக்கு வந்து நில்லுங்கோ.”

எடுங்கோவாம், நில்லுங்கோவாம். மலையில் ‘ஏ பேச்சி’ என்று கூப்பிட்ட வாய்.

ராமசேஷன் காலேஜில் செடிகொடிப் பாடம் நடத்தினவர். இப்போது ரிட்டையராகித் தென்காசியில் இந்த வீட்டோடு சரி. 1954 சாரலில் முதல் தடவையாகக் குற்றாலம் வந்தபோது, வழிகாட்ட ஆள் தேடி விறகுவெட்டிப் பேச்சிமுத்துவைப் பிடித்தார். ஐயரைப் பார்த்ததும் பேச்சிமுத்து வழக்கம்போலத் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டப் போனார். “மழை பெய்யறது, பேசாம தலையில கட்டிக்கோ. நான் என்ன சாமியா, கும்பிடறதுக்கு?” என்று அதட்டினவர் இதே ராமசேஷன்தான்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான், யாரையும் லேசில் நம்பாத பேச்சிமுத்து அவரைத் தேனருவி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே ஈரப்பாறையில் சாண் உயரத்தில் ஒரு செடி. ராமசேஷன் சட்டை நனையக் குப்புறப் படுத்துப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

“பேச்சி, இப்படி ஒரு செடி இருக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தனும் எழுதலை.”

“எழுதாட்டா என்ன சாமி, மலையாடு நித்தம் திங்குது.”

ராமசேஷன் சிரித்த சிரிப்பு அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பேச்சிமுத்துவுக்கு அது இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் ஏறினார்கள். மலையிலுள்ள காசித்தும்பை ஜாதிச் செடிக்கெல்லாம் சேர்த்து ராமசேஷன் ஒரு சாவி எழுதினார். பூட்டுத் திறக்கிற சாவி இல்லை, கேள்விச் சாவி. இலையில் சுணை, அதாவது பொடி ரோமம், உண்டா? உண்டென்றால் இரண்டாம் கேள்விக்குப் போ, இல்லையென்றால் மூன்றுக்குப் போ. பூவுக்குப் பின்னால் இருக்கும் வால் நீளமா, குட்டையா? ஒற்றையடிப் பாதை மாதிரிப் பிரிந்து பிரிந்து, கடைசியில் ஒரே ஒரு பேரில் கொண்டுபோய் விடும்.

“பொண்ணு பாக்கப் போற எடத்துலகூட இத்தனை கேள்வி கேக்க மாட்டாவ சாமி.”

“செடியை முன்னே பின்னே பார்க்காதவனும் இதைப் பிடிச்சுண்டே போய் அடையாளம் கண்டுடணும். அதான் சாவி. உன்கிட்டதான் சோதிச்சுப் பார்க்கணும், பேச்சி. படிச்சவன் தெரிஞ்ச மாதிரி நடிப்பான்.”

பாறைமேல் கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு அவர் கேட்பார், இவர் இலையைத் தடவிப் பார்த்துப் பதில் சொல்லுவார். எழுத்து தெரியாத பேச்சிமுத்துவுக்கு முழுச் சாவியும் மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்த மனப்பாடம்தான் நேற்றுச் செண்பகாதேவி அருவிக்கு மேலே அவரை நிறுத்தியது. கையில் எடுத்த செடி எந்தக் கேள்விக்கும் அடங்கவில்லை. நீளமா, குட்டையா என்று கேட்டால், இதற்கு வாலே இல்லை. அப்படியானால் புதுசு.

குற்றாலத்தில் தங்கியிருக்கும் மெட்ராஸ் பேராசிரியர் ஒருவர், “எது கிடைத்தாலும் என்னிடம் கொடு” என்று முன்னமே சொல்லி வைத்திருந்தார். “எங்காளு தென்காசியில இருக்காரு” என்று அவரிடம் சொல்லிவிட்டு, இரண்டு வருஷமாக மலைப்பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷனைத் தேடி, செடியை ஈரத்துணியில் பொதிந்துகொண்டு இத்தனை தூரம் நடந்து வந்தால், கிடைத்த மரியாதை இது.

“துண்டை எடுக்க மாட்டேன் சாமி. செடியைப் பாருங்க. இதை நீங்கதான் எழுதணும்.”

ராமசேஷன் செடியைத் தொடவில்லை. மடியிலிருந்த நோட்டைப் புரட்டினார். பேச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், திரும்பவும் முகத்தைப் பார்த்தார். போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு கேடிப் பட்டியலை வைத்துக்கொண்டு பார்ப்பாரே, அப்படி.

“துண்டை எடுக்கலைன்னா எதையும் வாங்கிக்க மாட்டேன்.”

“நல்லா இருங்க. மெட்ராஸ்காரரு வாங்கிக்கிடுவாரு.”

பொதியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பேச்சிமுத்து தெருவில் இறங்கினார். பன்னிரண்டு வருஷமும் தண்டம். பெரிய மனுஷன் சகவாசமே இப்படித்தான். மலையில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம்.

ரத வீதி முக்குத் திரும்பும்போது பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ராமசேஷனின் மனைவி வாலாம்பாள், கையில் அந்த நோட்டோடு மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“பேச்சிமுத்து, கொஞ்சம் நில்லு.”

“எதுக்கும்மா? வயசான காலத்துல ஐயாவுக்கு ஜாதி முத்திப் போச்சோ? அந்த நோட்டுல என்மேல என்ன புகார் எழுதி வச்சிருக்காரு?”

“உன்னைப் பத்தி எழுதியிருக்கறது வாஸ்தவம்தான். உனக்குத் தெரிஞ்ச தினுசுலதான் எழுதியிருக்கார். போன வருஷம் டாக்டரைப் பார்த்துட்டு வந்த அன்னிக்கே உக்காந்து எழுதினார். வாசிக்கறேன், கேட்டுட்டுப் போ.”

அவள் நோட்டை விரித்துப் படித்தாள்:

“‘ஒன்று. இரண்டு பக்கமும் மூக்குத்தி உண்டென்றால், என் மனைவி வாலாம்பாள். இல்லையென்றால் இரண்டுக்குப் போ. இரண்டு. முன்தலையில் தழும்பு உண்டென்றால், தேனருவியில் எனக்காகச் செடி பறிக்கப் போய் விழுந்த பேச்சிமுத்து. பயப்படாதே, எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்.’”