புகைக்குள் கேட்ட குரல்

கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

காட்டு விலங்குகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து போட்ட பெரிய சண்டை ஓய்ந்ததும், பூவாத்தா என்ற முயல் வழக்குக்குச் சாட்சி திரட்டக் கிளம்பினாள். அந்தச் சண்டையில் அவளுடைய குட்டிகளை வளைக்குள் அடைத்துப் புகை மூட்டிக் கொன்றிருந்தார்கள். மூட்டச் சொன்னவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அவன் குரலைக் கேட்டது மைனா மட்டும்தான். எந்தக் குரலையும் அச்சு அசலாகப் பேசிக்காட்டும் குறும்புக்காரப் பயல் அது.

“எங்கே, இன்னொரு தடவை சொல்லுடா.”

“மூட்டுங்கடா! போதுமாக்கா? சிங்கம் குறட்டை விடுறதும் வேணுமா?”

“வாயாடாம அதையே சொல்லு.”

முதலில் கேட்டபோது அவள் காதைப் பொத்திக்கொண்டாள். சாட்சி பிசகக் கூடாதே என்று தினமும் சொல்லவைத்ததில், அது மைனாவின் குரலாகவே பழகிப்போனது.

வழக்கு நாளில், எந்தப் பக்கமும் சேராதவர் என்று தூரத்துக் காட்டிலிருந்து வரவழைத்த ஓநாய், நீதிபதியாக வந்தமர்ந்தார். சாட்சிகள் தலை குனிந்து வணங்கினார்கள்.

“எல்லாரும் உட்காருங்க” என்று, மைனா தினமும் பேசிக்காட்டிய அதே குரல் கேட்டது.

குனிந்தபடியே பூவாத்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சண்டைக்கப்புறம் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“நீதிபதி முன்னாலயாடா உன் சேட்டை?” என்று பக்கத்தில் திரும்பினாள்.

மைனா அலகை இறுக மூடிக்கொண்டு நீதிபதியையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.