பதிவு செய்யப்பட்ட இருமல்

எழிலரசியின் அப்பா ஆறு ஆண்டுகளாக இருமுகிறார். மருந்து அலமாரியிலேயே இருக்கிறது. ஆனால் அந்த இருமலை மதுரையில் ஜெசிந்தா என்ற பெண் தன் முனைவர் பட்ட ஆய்வுத் தலைப்பாகப் பதிவு செய்திருக்கிறாள். அவள் ஆய்வை முடிக்கும்வரை குணப்படுத்துவது குற்றம்.

“நீயும் அதே படிப்புதானே? சீக்கிரம் முடிக்கச் சொல்லும்மா,” என்றார் அப்பா.

எழிலரசி ஜெசிந்தாவிடம் போனில் கெஞ்சினாள்.

“கைடு கையெழுத்துப் போட மாட்டேங்கிறாருக்கா. மூணாவது தடவையா நீட்டிப்பு கேட்டிருக்கேன்,” என்றாள் ஜெசிந்தா.

“பெத்தவரு துடிக்கிறாரும்மா. உனக்கு மனசாட்சியே இல்லையா?”

“நீங்க எப்ப முடிப்பீங்க? தூக்கமின்மைன்னு நீங்க பதிஞ்சு வச்சிருக்கிறது எங்க அம்மாவைத்தான். நல்லாத் தூங்கி ஏழு வருசமாச்சு.”

அப்பா மீண்டும் இருமினார்.

“அக்கா, போனை அவர்கிட்ட கொண்டுபோங்க, பதிவு பண்ணிக்கிறேன்.”

எழிலரசி கொண்டுபோனாள்.